யிட்டிஷ் தொழிலாளர் கொயர்: ஒரே மெட்டை எதற்கு நாலாகப் பிரித்தார்கள்?

யிட்டிஷ் மொழியை எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஐந்து கோடு போட்டு எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு இடமிருந்து வலமாக ஓடும். இரண்டையும் ஒரே தாளில் வைக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. ‘ஆர்பெதெர்’ என்றால் தொழிலாளி. மூன்று அசை, மூன்று சுரம். முதல் சுரம் தாளின் இடப்பக்கம் நிற்கிறது. ‘ஆர்’ என்ற முதல் அசை வலப்பக்கம் நிற்கிறது. சுரத்தின் மேலேயே கண்ணை வைத்துப் பாடிக்கொண்டு போனால் வாயில் வருவது ‘தெர்-பெ-ஆர்’.

அச்சுக்காரர்கள் இதை ஒருவிதமாகச் சமாளித்தார்கள். சொல்லை அசை அசையாக வெட்டி, அசைகளை மட்டும் இடமிருந்து வலமாக அடுக்கினார்கள். ஒவ்வொரு அசைக்குள்ளும் எழுத்துகள் வழக்கம்போல வலமிருந்து இடமாகவே இருக்கும். கண் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, மறுபடி முன்னே போக வேண்டும். பழகினால் வரும், புதிதாகச் சேர்ந்தவருக்குத் தலை சுற்றும். பின்னால் வந்த கொயர்கள், அதாவது பல குரலாகப் பிரிந்து சேர்ந்து பாடும் குழுக்கள், பெரும்பாலும் ரோமன் எழுத்துக்கு மாறிவிட்டன. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, பிறகு பார்ப்போம்.

நியூயார்க்கிலும் சிகாகோவிலும் இந்தத் தாளைக் கையில் பிடித்தவர்களில் பெரும்பாலோர் சங்கீதம் படித்தவர்கள் அல்லர். பகல் முழுக்கத் தையல் மெஷினிலும் இஸ்திரி மேசையிலும் தச்சுப் பட்டறையிலும் இருந்துவிட்டு வந்தவர்கள். ஊர்வலத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டில் பாடிக்கொண்டு போனால் போதாதா? எதற்கு நாலு பார்ட் (ஒரே நேரத்தில் நாலு குரலுக்கு நாலு வேறு வரி), எதற்கு நோட்ஸ், எதற்கு வாரா வாரம் பிராக்டிஸ்? யிட்டிஷ் தொழிலாளர் கொயர் என்றால் என்ன என்று கேட்பவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடலாம்.

பாட்டு முதலில் வந்தது, கொயர் பிறகு

யிட்டிஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. அடித்தளம் ஜெர்மானியம், அதன் மேல் எபிரேய, அரமேயச் சொற்களும் ஸ்லாவிய மொழிகளின் சொற்களும் கலந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். இருந்தும் படித்த யூதர்களில் பலர் அதை ஒரு மொழியாகவே மதிக்கவில்லை. ‘ழார்கோன்’ என்பார்கள், நம் வழக்கில் சொன்னால் கொச்சை. தொழிலாளர் இயக்கத்தின் முதல் தலைமுறையும் இதற்கு விலக்கில்லை. ரஷ்யப் பேரரசில் இருந்த வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) ரகசியமாகக் கூடிய படிப்பு வட்டங்களில் ரஷ்ய மொழியில்தான் படித்தார்கள். 1890களில் பட்டறைக்குள் போய் ஆள் சேர்க்கலாம் என்று இறங்கியபோதுதான் ரஷ்யன் அங்கே செல்லாக்காசு என்பது தெரிந்தது. தோல் பதனிடுகிறவரும் பிரஷ்ஷுக்கு மயிர் கட்டுகிறவரும் பேசுவது யிட்டிஷ். 1897 அக்டோபரில் வில்னாவில் 13 பிரதிநிதிகள் ஒளிந்து கூடி ‘புந்த்’ என்ற யூதத் தொழிலாளர் அமைப்பைத் தொடங்கினார்கள். நாளடைவில் யிட்டிஷ் அதன் வேலை மொழியாகவும், பிறகு கொள்கையாகவும் ஆனது.

பாட்டுகள் வந்த திசை கொஞ்சம் விநோதமானது. வரிகள் பல மேற்கில் எழுதப்பட்டு, கிழக்கே கடத்தப்பட்டவை. மாரிஸ் வின்செவ்ஸ்கி லண்டனிலிருந்து எழுதினார். டேவிட் எடெல்ஷ்டாட் அமெரிக்காவில் காஜா எடுத்துப் பிழைத்தவர். காசநோய் வந்து 1892-இல் டென்வரில் இறக்கும்போது வயது 26. மாரிஸ் ரோசன்ஃபெல்ட் நியூயார்க் தையல் கூடங்களில் இஸ்திரி போட்டவர். இவர்களுக்கு ‘ஸ்வெட்ஷாப் கவிஞர்கள்’, அதாவது வியர்வைக்கூடத்துக் கவிஞர்கள் என்றே பெயர். அங்கே பத்திரிகையில் அச்சான கவிதை ரஷ்யப் பேரரசுக்குள் நுழைந்து, ஊருக்கு வெளியே காட்டில் நடக்கும் ரகசியக் கூட்டங்களில் பாட்டாக மாறிவிடும். மெட்டு? கையில் கிடைத்ததுதான். ஜெர்மன் தொழிலாளர் பாட்டு, ரஷ்யப் புரட்சிப் பாட்டு, யூத ஜெபாலயத்தில் கேட்ட ராகம், நாட்டுப்பாட்டு என எதுவும் வரும். அதனால் ஒரே வரிக்கு ஊருக்கு ஒரு மெட்டு இருப்பது சகஜம். மொய்சேய் பெரெகோவ்ஸ்கி 1934-இல் மாஸ்கோவில் வெளியிட்ட யூத நாட்டார் இசைத் தொகுப்பு இந்தத் தொழிலாளர் பாட்டுகளுக்கு இன்றும் முக்கியமான மூலம்.

பாட்டு என்றால் வெறும் கோஷம் என்று நினைத்துவிட வேண்டாம். ரோசன்ஃபெல்டின் மிகப் பிரபலமான பாட்டு ஒரு தகப்பன் பாடுவது. அவன் வேலைக்குக் கிளம்பும்போது பையன் தூங்குகிறான். திரும்பி வரும்போதும் தூங்குகிறான். பிள்ளையை விழித்த நிலையில் பார்க்கவே முடிவதில்லை. வேலை நேரத்தைக் குறை என்று ஒரு வார்த்தை கிடையாது, கேட்கிறவர் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்.

இன்னொரு கோடியில் சூளுரைப் பாட்டு. எஸ். ஆன்ஸ்கி 1902-இல் எழுதிய ‘தி ஷ்வுயெ’, அதாவது ‘சபதம்’, புந்தின் கீதமானது. கையை உயர்த்திச் சபதம் செய்வது யூத மரபில் பழையது. ‘உன்னை மறந்தால் என் வலது கை செயலிழக்கட்டும்’ என்று எருசலேமை நோக்கிச் சொல்லும் யூத வேதத்தின் துதிப்பாடல் வரி அதற்கு ஊற்று. 1909 நவம்பர் 22 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் யிட்டிஷில் எழுந்து பேசி, சட்டை தைக்கும் பெண்களின் பொது வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தார். அன்று அரங்கம் எடுத்த உறுதிமொழியும் இதே வாய்ப்பாட்டில்தான்: துரோகம் செய்தால் உயர்த்திய இந்தக் கை வாடிப்போகட்டும். பாட்டுக்கும் மேடைக்கும் ஜெபாலயத்துக்கும் நடுவே சுவர் அவ்வளவு மெல்லியது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே மெட்டில் எல்லோரும் பாடுவது. கொயர் என்பது வேறு சங்கதி.

நாலு பார்ட்டின் கணக்கு

கொயருக்கு வேண்டிய கைத்திறன் இரண்டு வழியாக வந்தது. ஒன்று ஜெபாலயம். அங்கே பாடும் ‘கஸன்’ என்ற முதன்மைப் பாடகருக்குப் பின்னால் சிறுவர்களும் இளைஞர்களும் துணைக்குரல் கொடுப்பார்கள். ‘மெஷோய்ரெரிம்’ என்று பெயர். பிற்காலக் கொயர் மாஸ்டர்கள் பலர் இப்படிச் சின்ன வயதில் துணைக்குரல் பாடியவர்களே. மற்றது ஐரோப்பிய நகரங்களின் பாட்டுச் சங்கங்கள். ஜெர்மன் தொழிலாளர்கள் ஏற்கெனவே ஊர் ஊராகப் பாட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள். போலந்தில் லோட்ஸ் நகரத்தில் 1899-இல் ‘ஹஸொமிர்’ என்ற யூத கொயர் தொடங்கியது. அது நடுத்தர வர்க்கத்துப் பண்பாட்டுச் சங்கம்தான், தொழிற்சங்கம் அல்ல. ஆனால் ஜெபாலயத்துக்கு வெளியே, மதச்சார்பில்லாத மேடையில், யூதர்கள் கொயராக நின்று பாடலாம் என்பதை அது காட்டிவிட்டது.

சாதாரண விஷயமாகத் தோன்றும் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். வைதீக யூத விதிப்படி பெண் பாடுவதை அந்நிய ஆண் கேட்கக் கூடாது. சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) என்று நான்கு குரலில் ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நிற்பது என்றால், முதல் சுரம் ஒலிக்கும் முன்பே ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது. பாட்டில் என்ன வரி இருந்தாலும் சரி, நிற்கும் விதமே அரசியல்.

தொழிலாளர் கொயரைத் தனி நிறுவனமாக நிலைநிறுத்தியவர்களில் முதல் பெயர் ஜேக்கப் ஷேஃபர். 1888-இல் பிறந்தவர், தச்சர். சிகாகோவில் 1914-இல் தொடங்கிய யிட்டிஷ் தொழிலாளர் கொயர் அவர் கையில் வளர்ந்தது. பிறகு நியூயார்க் போனார். அங்கே 1922-இல் ‘ஃப்ரைஹைட் கெஸாங் ஃபரெய்ன்’ என்ற பெயரில் ஒரு கொயர் தொடங்கியிருந்தது. ‘விடுதலைப் பாட்டுச் சங்கம்’ என்று பொருள். அதன் தொடக்க ஆண்டுகளில் லாசர் வைனர் நடத்தினார்; அடுத்து ஷேஃபர். டொரான்டோவில் அதே பெயரில் 1925-இல் ஒன்று. ஷேஃபர் மார்ச் பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. யிட்டிஷ் எழுத்தாளர் ஐ.எல். பெரெட்ஸின் கவிதைக்கு நீண்ட கொயர் படைப்பு எழுதினார், ரஷ்யக் கவிஞர் அலெக்சாந்தர் பிளோக்கின் ‘பன்னிரண்டு பேர்’ கவிதைக்கும் எழுதினார். 1936-இல் இறந்தார்.

இப்போது கேள்விக்கு வரலாம். நாலு பார்ட் எதற்கு? மூன்று காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வேலை செய்தன. ‘கொச்சை’ என்று ஒதுக்கிய மொழியில் முழுநீளக் கச்சேரி நடத்திக் காட்டுவது முதல் காரணம். ஊர்வலப் பாட்டு தெருவில் ஒலித்து ஓய்ந்துவிடும். கச்சேரிக்கு அரங்கம் பிடிக்கலாம், டிக்கெட் போடலாம், வேலைநிறுத்த நிதி திரட்டலாம் என்பது இரண்டாவது. மூன்றாவதை நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். ஒரே மெட்டில் ஐந்நூறு பேர் பாடும்போது ஒருவர் வாயை மூடினாலும் ஒன்றும் ஆகாது. நாலு பார்ட்டில் ஆறே டெனர் இருக்கும் கொயரில் இரண்டு பேர் வராவிட்டால், பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டே நொண்டும். பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலை விடாமல் பிடிக்க வேண்டும். ஒரு சங்கக் கிளை எப்படி நடக்க வேண்டுமோ அதற்கான பயிற்சி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. தகப்பனும் தூங்கும் பிள்ளையும் வரும் பாட்டை நாற்பது பேர் சேர்ந்து ‘என் பையன்’ என்று முழங்கினால் கேலிக்கூத்தாகிவிடும். பாட்டைக் குரல் குரலாகப் பிரித்து எழுதும் நல்ல இசை அமைப்பாளர்கள் இங்கே மெட்டை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வாய் மூடி ‘ம்ம்’ என்று தாங்கவிடுவார்கள். ‘நாங்கள்’ வரும் பாட்டில் எல்லோரும் வாய் திறப்பார்கள். யிட்டிஷில் ‘மிர்’ என்ற ஒரே சொல் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் பொது. தமிழில் மொழிபெயர்ப்பவருக்கு ஒவ்வொரு வரியிலும் கை தடுமாறும்: அரங்கத்தைப் பார்த்துப் பாடினால் நாம், போலீஸைப் பார்த்துப் பாடினால் நாங்கள்.

பிராக்டிஸ் எப்படி நடக்கும், எங்கே சொதப்பும்

நாற்பது பேர் கொயர் என்று வைத்துக்கொள்வோம். 13 சோப்ரானோ, 12 ஆல்டோ, 6 டெனர், 9 பேஸ் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் பங்கீடு. டெனர் எப்போதும் பஞ்சம்தான். அதற்காகக் கட்டைக் குரல் உள்ளவரை டெனருக்குத் தள்ளினால் அவர் கத்துவார், இரண்டு மணி நேரத்தில் தொண்டை போய்விடும். ஆழமான ஆல்டோ பாடும் இரண்டு பெண்களை டெனர் வரிசையில் நிறுத்துவது இதைவிட மேல். பல யிட்டிஷ் கொயர்களில் இன்றும் இதுதான் வழி.

வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் பியானோவில் ஒவ்வொரு பார்ட்டாக வாசித்துக் காட்டிக் காதால் ஏற்ற வேண்டும். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, மெட்டு உள்ள சோப்ரானோவிலிருந்து தொடங்குவது. மெட்டு ஒரு முறை காதில் ஏறிவிட்டால் மற்ற மூன்று பேரும் அதன் பின்னால் ஓடிவிடுவார்கள். ஆல்டோ முதல் பலி. பேஸ், ஆல்டோ, டெனர் என்று சொல்லிக்கொடுத்து, சோப்ரானோவைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். பேஸும் ஆல்டோவும் மட்டும் சேர்ந்து தடுமாறாமல் பாடுகிறார்கள் என்றால் பாட்டு ஊன்றி நின்றுவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் சொல். முதல் கால் மணி நேரம் யாரும் பாடக் கூடாது. வரிகளை மெட்டில்லாமல், தாளத்தில் மட்டும், எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அர்த்தத்தையும் சொல்லுக்குச் சொல் சொல்லிவிட வேண்டும். இன்றைய யிட்டிஷ் கொயர்களில் அந்த மொழி பேசத் தெரியாதவர்கள் ஏராளம். அர்த்தம் தெரியாமல் பாடுகிறவர் எந்த அசைக்கு அழுத்தம் என்று அறியாமல், மெட்டில் உயரமான சுரம் எங்கே வருகிறதோ அங்கே அழுத்துவார். மூன்று நிமிடப் பாட்டு ஒன்று மேடைக்குத் தயாராக ஐந்தாறு வாரம் பிடிக்கும்.

அந்தக் காலத்துக்கே உரிய தொல்லை வேறொன்று. ஆயத்த ஆடைத் தொழிலில் சீசன் உண்டு. சீசனில் இரவு வரை வேலை, பிராக்டிஸுக்கு ஆள் வராது. சீசன் முடிந்த மந்த காலத்தை அமெரிக்க யிட்டிஷில் ‘ஸ்லெக்’ என்பார்கள். அப்போது ஆள் இருக்கும், சந்தா கட்டக் காசு இருக்காது.

வாயில் நடப்பது

யிட்டிஷ் உச்சரிப்பில் தமிழர்களுக்குச் சில இடங்கள் எளிது. ‘நாக்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு என்று பொருள். நடுவில் வரும் ஒலி ‘க்’ இல்லை. ‘அஃது’ என்பதில் உள்ள ஆய்தத்தைக் கொஞ்சம் அழுத்தித் தொண்டையில் உரசினால் ஏறக்குறைய அதுதான். இதை ரோமன் எழுத்தில் எழுதுவதில்தான் முன்பு சொன்ன வில்லங்கம். பழைய கொயர் தாள்கள் ஜெர்மன் பாணியில் எழுதப்பட்டவை. அதில் இந்த ஒலிக்குப் போடும் இரட்டை எழுத்தை ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் ‘ச்’ என்று படிப்பார். வில்னாவில் 1925-இல் தொடங்கிய ‘யிவோ’ ஆய்வு நிறுவனத்தின் எழுத்துமாற்று முறை இதைத் தீர்த்தது. ஆனால் பழைய தாளும் புதிய தாளும் ஒரே கோப்பில் கலந்திருந்தால் குழப்பம் இரட்டிப்பு. ஜெர்மன் பாணியில் ‘ஐ’ என்று ஒலிக்கும் எழுத்துச் சேர்க்கையை, யிவோ முறைக்குப் பழகிய கண் ‘எய்’ என்று வாசித்துவிடும். சொல்லே மாறிப்போகலாம். மேடைக்கு முன் எல்லாத் தாளையும் ஒரே முறையில் திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது வட்டார வழக்கு. ‘நல்ல’ என்பதற்கு லிதுவேனியப் பக்கம் ‘குட்’, போலந்துப் பக்கம் ‘கிட்’. தெருவில் பேசும்போது இரண்டும் சரி. கொயரில் மூன்று பேர் ‘உ’ என்றும் நாலு பேர் ‘இ’ என்றும் நீட்டினால், எல்லோரும் ஒரே சுரத்தில் நின்றாலும் சுருதி கலைந்த மாதிரியே கேட்கும். உயிரெழுத்து ஒன்றாக இல்லாமல் சுருதி ஒன்றாகாது. பெரும்பாலான கொயர்கள் பொது வழக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் கவிஞர் போலந்து வழக்கில் எதுகை போட்டிருந்தால், பொது வழக்கில் அந்த எதுகை உடைந்துவிடும். அந்த இரண்டு வரிக்கு மட்டும் கவிஞரின் வாயை வாங்கிக்கொள்வதே எங்கள் கட்சி.

இன்னும் நுட்பமான இடம் ‘லெப்ன்’ போன்ற சொற்கள். வாழ்க்கை என்று பொருள். இரண்டு அசை, இரண்டாவது அசையில் உயிரே கிடையாது, ஒற்றுதான். ஆனால் இசையமைப்பாளர் அதற்கும் ஒரு சுரம் கொடுத்திருப்பார். ‘லெபென்’ என்று எகரத்தைத் திணித்தால் ஒலி குறையாமல் நிலைக்கும். கேட்பவருக்கு யிட்டிஷ் போய் ஜெர்மன் வந்துவிடும். ஒற்றிலேயே நின்றால் மொழி பிழைக்கும். ஒலி சட்டென்று பாதியாகும். சுரம் குறுகியதானால் தயங்காமல் ஒற்றிலேயே நில்லுங்கள். நெடியதானால் காதில் படாத அளவு ஒரு குற்றுயிர் கொடுத்து, உடனே ‘ன்’னுக்குப் போய் மூக்கில் தாங்குங்கள். யார் எப்போது போவது என்பதைக் கொயர் மாஸ்டர் கைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது ‘ன்’ நாற்பது நேரத்தில் விழும்.

ராகம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி

தொழிலாளர் பாட்டுகளில் பெரும்பங்கு மைனர் ஸ்கேல், அதாவது நடபைரவி. அல்லது அதன் நிஷாதத்தை உயர்த்திய கீரவாணி. இவற்றை மேற்கத்திய முறைப்படி நாலு பார்ட்டாகப் பிரிப்பதில் சிரமமில்லை. யூத இசைக்கே உரிய இரண்டு ஸ்கேல்கள்தான் அமைப்பாளரைச் சோதிக்கும்.

‘ஃப்ரெய்கிஷ்’ என்பது ஒன்று. சுரங்களை எழுதிப் பார்த்தால் ச ரி1 க3 ம1 ப த1 நி2. நம் வகுளாபரணம். ரி1-இலிருந்து க3-க்குத் தாவும் அந்த அகன்ற இடைவெளியை அமெரிக்காவில் வளர்ந்த பாடகர்கள் குறுக்கிவிடுவார்கள். ரி மேலே ஏறும், க கீழே இறங்கும், ராகத்தின் முகமே போய்விடும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிய யாருக்கும் அந்தத் தாவல் தொண்டையிலேயே இருக்கிறது. மற்றொன்று ‘மிஷெபெராக்’ எனப்படும் ஸ்கேல்: ச ரி2 க2 ம2 ப த2 நி2. ஹேமவதி.

சுரங்களில் பொருத்தம் அவ்வளவோடு சரி; கமகம், பிடி, நடை எல்லாம் வேறு. ஹேமவதி ஆலாபனை நினைப்பில் கேட்காதீர்கள்.

வகுளாபரணத்துக்கு ஹார்மனி போடுவது ஏன் கஷ்டம்? மேற்கத்திய இசையில் பாட்டை முடிக்க, பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்டிலிருந்து ஷட்ஜத்தின் மேல் கட்டிய கார்டுக்கு இறங்குவார்கள். இங்கே பஞ்சமத்தின் மேல் கட்டினால் ப-நி2-ரி1 வரும். பஞ்சமத்துக்கும் மேல் ரி1-க்கும் நடுவே ஆறே அரைச்சுரம்; அந்த கார்டு நொறுங்கிப்போன மாதிரி ஒலிக்கும், முடிவு கொடுக்காது. பழைய அமைப்பாளர்கள் சிலர் ரி1-ஐ ரி2 ஆக்கிச் சமாளித்தார்கள். பாட்டின் உயிரே போனது. வேறு சிலர் ச-க-ப கார்டைக் கேட்டதும் இது மத்திமத்துக்குப் போகும் வழி என்று நினைத்து மத்திமத்தில் கொண்டுபோய் முடித்தார்கள். அப்போது பாட்டு வேறு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சரியான வழி நி2-ரி1-ம1 என்ற மைனர் கார்டிலிருந்து நேராக ச-க3-ப-வுக்கு வருவது. பேஸ் பாடுகிறவர் கீழ் நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்துக்கு ஒரு படி ஏறுவார். இந்த ஒரு படியை அவர் தாழ்த்திப் பாடினால் கொயரே அரைச்சுரம் இறங்கிவிடும். பியானோ இல்லாத பாட்டுகளில் சுருதி இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், களைப்பு அப்புறம்தான்.

பிரிவினையும் பிறகும்

இயக்கம் பிரிந்தபோது கொயர்களும் பிரிந்தன. 1892-இல் தொடங்கி 1900-இல் நாடு தழுவியதாக மாறிய ‘ஆர்பெதெர் ரிங்’ என்ற பரஸ்பர உதவிச் சங்கத்துக்குத் தனி கொயர். கம்யூனிஸ்டுகளின் ‘ஃப்ரைஹைட்’ நாளிதழைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தனி. யூதர்களுக்குத் தனித் தாயகம் கேட்ட சியோனிஸ்ட் தொழிலாளர்களுக்குத் தனி. ஒரே தெருவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள், ஆனால் பாடுவது அதே எடெல்ஷ்டாட். போலந்து, லிதுவேனியா நகரங்களின் கொயர்கள் நாஜிகளின் இனக்கொலையில் பாடகர்களோடு அழிந்தன. அமெரிக்கக் கொயர்களின் பாட்டுப் பட்டியல் அதற்குப் பின் மாறிவிட்டது. மேக்ஸ் ஹெல்ஃப்மன் 1948-இல் எழுதிய ‘தி நையெ ஹகோதெ’ என்ற கொயர் படைப்பு வார்சா கெட்டோ (நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதி) எழுச்சியைப் பாடுவது. அதன் வரிகள் சோவியத் யிட்டிஷ் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபருடையவை. அந்தக் கவிஞரை 1952 ஆகஸ்ட் 12 அன்று ஸ்டாலின் அரசு சுட்டுக்கொன்றது. அவருடைய வரிகளை மேடையில் பாடிக்கொண்டிருந்த இடதுசாரிகளுக்கு அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும்! 1950களின் கம்யூனிஸ்ட் வேட்டையில் அமெரிக்காவின் இடதுசாரி யூத உதவிச் சங்கமே கலைக்கப்பட்டது, கொயர்கள் பெயரை மாற்றிக்கொண்டு தப்பின. 1922-இல் ஃப்ரைஹைட் பெயரில் தொடங்கிய நியூயார்க் கொயர் வேறு பெயரில் இந்த நூற்றாண்டிலும் யிட்டிஷில் பாடுகிறது.

கடைசிப் பாட்டு

இந்தக் கொயர்கள் பாடும் இனக்கொலை நினைவுநாள் நிகழ்ச்சிகள் வழக்கமாக ஒரே பாட்டில் முடியும். வில்னா கெட்டோவில் 1943-இல் ஹிர்ஷ் கிலிக் என்ற இளைஞர் எழுதிய கெரில்லாப் பாட்டு. மெட்டு சோவியத் இசையமைப்பாளர்களான போக்ராஸ் சகோதரர்களுடையது. தொடங்கியதும் அரங்கம் எழுந்து நிற்கும், கூடவே பாடும்.

இங்கே கொயர் மாஸ்டர் கவனிக்க வேண்டியவை வேறு. ஒன்றரை மணி நேரம் உழைத்துக் காட்டிய நாலு பார்ட்டை இந்தப் பாட்டில் மறந்துவிடுங்கள். சோப்ரானோ மேலே தனி வரி பாடினால் அரங்கத்தில் உள்ளவர்கள் மெட்டைத் தவறவிடுவார்கள். முதியவர்கள் அதிகம், அவர்களுக்கு அடுத்தவர் குரல்தான் ஊன்றுகோல். சுருதியைக் கொயருக்கு வசதியான இடத்தில் வைக்காமல் அரங்கத்துக்கு வசதியான இடத்தில் வையுங்கள்: மெட்டின் உச்ச சுரம் மேல் ‘டி’யைத் தாண்டக் கூடாது. பியானோ இரண்டு பார் வாசித்துச் சுருதி கொடுக்கட்டும். வேகத்தைக் கூட்டாதீர்கள், நாற்பது பேர் நடக்கிற வேகத்தில் நானூறு பேரால் நடக்க முடியாது. முதல் வரி தொடங்கும்போது கொயருக்கு முதுகைக் காட்டி அரங்கத்தின் பக்கம் திரும்பிக் கைகாட்டுங்கள். பாடகர்கள் கோப்பை மூடிக் கீழே வைத்துவிடலாம். இந்தப் பாட்டுக்குத் தாள் யாருக்கும் தேவைப்படாது.